சகலையின் பிளேட்டும் சரசுவின் கலவையும்

அக்டோபர் 14, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். குன்னூர் மார்க்கெட் படியெல்லாம் பாசி. ஏலத்துத் தேயிலைச் சாம்பிள் டப்பாக்களை அணைத்துக்கொண்டு இறங்கினேன். வழுக்கிற்று. டப்பா ஒன்றுகூட உடையவில்லை. கைதான் உடைந்தது.

இது இடது கையால் எழுதுவது. கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், யார் படிக்கப் போகிறார்கள்.

வலது கை. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே இருக்கிற ஒற்றை எலும்பு, சாய்வாக இரண்டு துண்டு. எக்ஸ்ரேயில் கரும்பை ஒடித்த மாதிரி. எலும்பு டாக்டரம்மா வயதில் சின்னவர், பேச்சில் பெரியவர். முதலில் கையைத் தொடவே இல்லை. "மணிக்கட்டத் தூக்குங்க. கட்டை விரல நீட்டுங்க" என்றார். தூக்கினேன், நீட்டினேன். எலும்பை ஒட்டியே ஒரு நரம்பு ஓடுகிறதாம், அது தப்பித்திருக்கிறதாம். ஒவ்வொரு தடவை வரும்போதும் பார்ப்பாராம்.

"வழி மூணுங்க. ஒண்ணு, இப்பக் கட்டு, வீக்கம் வத்துனதும் பிரேஸ், மேல மாட்டற ஓடு. கையத் தொங்க விட்டா அதோட பாரமே எலும்ப நேரா இழுத்து வச்சுக்கும். ரெண்டாவது, திறந்து பிளேட் வச்சு ஸ்க்ரூ. மூணாவது, எலும்புக்கு உள்ளாறயே நீளமா ஒரு கம்பி. எல்லாத்துக்கும் நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு."

"எது ஒசத்தி?" என்று கேட்டேன். சரக்கு வாங்குகிறவன் கேட்கிற கேள்வி.

"ஒசத்தி கிடையாது. உங்க முறிவுக்கு எது பொருந்தும்னுதான். சர்க்கரை வேற இருக்கு. பிரேஸே போதும்னு நினைக்கிறேன். ஒட்டலேன்னா அப்புறம் பிளேட் இருக்கவே இருக்கு."

"போதும்" என்ற வார்த்தை பிடிக்கவில்லை. இரண்டாம் தரச் சரக்கைத் தள்ளிவிட நானே சொல்லும் வார்த்தை அது.

அக்டோபர் 15, செவ்வாய்

வலி. தூக்கம் நாற்காலியில், சாய்ந்த மேனிக்கு.

சகலையிடமிருந்து போன். நடராஜ், சரசுவின் அக்கா புருஷன். ஊட்டி பெர்ன்ஹில்லில் லாட்ஜ். போன வருஷம் அவனுக்கும் இதே எலும்புதான், இதே கைதான். கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி, பிளேட்.

"பிரேஸா? அதெல்லாம் இல்லாதப்பட்டவன் வைத்தியம் சகல. நமக்கெதுக்கு? நான் பேசறேன், கிளம்பி வாங்க."

இல்லாதப்பட்டவன். இதே குன்னூர் குடோனில் நான் மூட்டை தூக்கியது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறான்.

மாமனாரும் மேட்டுப்பாளையத்திலிருந்து பேசினார். "பிரேஸுதானுங்களா மாப்ள? அப்பச் சரி, பெருசா ஒண்ணுமில்ல." வைத்துவிட்டார். சகலை ஆபரேஷனுக்கு நான்கு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டு விரித்துப் படுத்தவர் இவர். கத்தி வைத்தவனுக்குத்தான் கவனிப்பு.

டீத்தூள் கடையைச் சரசு திறந்தாள். பொட்டலம் கட்டத் தெரியும், அவ்வளவுதான் தெரியும். தூள் கலக்க நான் போகும்வரை இருப்பை வைத்து ஓட்டச் சொன்னேன். "சரிங்க" என்றாள்.

அக்டோபர் 18, வெள்ளி

கட்டு கல் மாதிரி கனம். தோளிலிருந்து முழங்கையைச் சுற்றி மேலே வருகிறது. அக்குள் நாறுகிறது, துடைக்க ஆள் வேண்டும்.

மாமியார் நாட்டுக் கட்டுக்காரர் ஒருவரைச் சொல்கிறார். மூங்கில் பத்தை, முட்டை வெள்ளை, இறுக்கிக் கட்டினால் மூன்றே கட்டில் சரியாகுமாம். டாக்டரம்மாவிடம் சரசு போனில் கேட்டாள். "ரத்த ஓட்டம் நிக்கற அளவுக்கு இறுக்கிட்டா விரல் போயிரும். வேண்டாம்" என்றாராம். எனக்கும் வேண்டாம். முட்டையைத் தின்னலாம்.

சரசு பொழுது சாய்ந்து வந்தாள். சேலையெல்லாம் தூள் வாசம். இருப்பு தீர்ந்துவிட்டதாம், அவளே கலந்துவிட்டாளாம்.

"யாரக் கேட்டு?"

"கடைல தூளில்லீனா யாரக் கேக்கறதுங்க?"

என் கலவை. ஒவ்வொரு டீக்கடைக்கும் ஒரு விகிதம். கலருக்கு ஒரு ஃபாக்டரி, திடத்துக்கு ஒன்று, மணத்துக்கு மேட்டு எஸ்டேட் தூள் கொஞ்சம். படுதாவில் கொட்டி மரத்துடுப்பால் புரட்ட வேண்டும். அந்தப் புரட்டல் என் வலது கைக்கு மட்டும் தெரிந்தது. விகிதம் சுவரில் சாக்பீஸில் எழுதியிருக்கிறது, அதைப் பார்த்துச் செய்திருக்கிறாள். பார்த்துச் செய்தால் வந்துவிடுமா?

நாளைக்குப் புகார் வரும். வரட்டும்.

அக்டோபர் 21, திங்கள்

புகார் வரவில்லை.

அக்டோபர் 26, சனி

கட்டு பிரித்தாகிவிட்டது. பிரேஸ். மேல் கையைச் சுற்றி இரண்டு பிளாஸ்டிக் ஓடு, ஒட்டுப் பட்டை. மணிக்கட்டு மட்டும் கழுத்துக் கயிற்றில், முழங்கை அந்தரத்தில். இதற்கா இவ்வளவு பேச்சு? தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற கிளாம்ப் மாதிரி இருக்கிறது.

டாக்டரம்மா சொன்னவை:
- நாளுக்கு நாள் வீக்கம் வற்றும், பட்டையை இறுக்க வேண்டும்.
- உட்கார்ந்தே தூங்க வேண்டும், இன்னும் கொஞ்ச நாள்.
- விரல், மணிக்கட்டு ஆட்டலாம். பேனா பிடிக்கலாம்.
- முழங்கையை எதன் மீதும் ஊன்றக் கூடாது. "இது முக்கியமுங்க. தொங்கணும்."

கடைசியைச் சொல்லும்போது வாசலில் பஷீர். பஸ் ஸ்டாண்ட் டீக்கடை, கூடலூர்க்காரர், பாதிப் பேச்சு மலையாளம். மருந்து வாங்க வந்தாராம்.

"அண்ணே, கை சுகமாவட்டும். பதுக்கப் போதும். சேச்சி கலந்த தூள் கொள்ளாம் கேட்டோ! ஒரு கிளாஸ் குடிச்சவன் ரெண்டாவது கேக்கறான்."

"பதுக்கப் போதும்" என்றால் மெதுவாக வந்தால் போதும். எத்தனையோ வருஷமாக என்னிடம் தூள் வாங்குகிறார். ஒரு நாளும் "கொள்ளாம்" என்றதில்லை. நன்றாக இருக்கிறது என்று சொன்னால் விலை ஏற்றிவிடுவேன் என்ற பயமாக இருக்கும். சரசுவிடம் அந்தப் பயம் இல்லை போல.

டாக்டரம்மா அதற்கப்புறம் என்ன சொன்னார் என்று ஞாபகம் இல்லை.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

மழை. பட்டாசு நமுத்துவிட்டது. எல்லாரும் நம் வீட்டில். சகலை வேட்டி, மேலே ஜெர்கின். வலது கை ஜெர்கின் பையில். பெரிய மனிதத் தோரணை. போனில் அவன் எக்ஸ்ரே. வெள்ளை வெளேரென்று தகடு, வரிசையாக ஸ்க்ரூ. மாமனார் கண்ணாடி போட்டுப் பார்க்கிறார், எத்தனையாவது தடவையோ.

"டைட்டானியம் மாமா. விமானத்துல போடற ஐட்டம்."

"அடேங்கப்பா."

என் பிரேஸைத் தட்டிப் பார்த்தார் மாமனார். "இது பிளாஸ்டிக்குங்களா மாப்ள?" அவ்வளவுதான் கேட்டார். எனக்குக் கொண்டுவந்தது ஒரு டஜன் நாட்டு முட்டை. அவனுக்கு அப்போது வாரா வாரம் ஆட்டுக்கால் போயிற்று.

டீ வந்தது. சகலை ஒரு மிடறு குடித்துவிட்டு, "சரசு, இது நீ கலந்ததாமா? லாட்ஜுக்கு இதையே அனுப்பு" என்றான். எனக்கு வாழ்த்தா, குத்தா என்று தெரியவில்லை. சரசு சிரித்தாள். கடைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து சிரிப்பு ஒரு மாதிரி. அகலம்.

நாளை முதல் கடைக்குப் போகிறேன்.

நவம்பர் 1, வெள்ளி

போனேன். சரசு எழுந்து இடம் கொடுத்தாள். கல்லா நாற்காலி, முன்னால் மேஜை, எல்லாம் என் உயரத்துக்கு நானே தச்சனை வைத்துச் செய்தது. உட்கார்ந்ததும் பாதி வலி போய்விட்டது.

மூடுபனி, நல்ல குளிர். பிரேஸ் உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டேன். வெறும் சட்டைமேல் பிளாஸ்டிக் ஐஸ் மாதிரி ஒட்டுகிறது.

நவம்பர் 6, புதன்

கடையில் கேட்டவை:

"அக்கா இல்லீங்களா?"

"அக்கா எப்ப வருவாங்க?"

"நீங்க இருங்கண்ணா, நான் அக்கா வந்ததும் வாங்கிக்கறேன்."

அக்கா சமையல் முடித்து, துணி துவைத்து, மத்தியானம்தான் வருகிறாள். வந்து, படுதா விரித்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு புரட்டுகிறாள். நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். தப்பு தேடுகிறேன். துடுப்பைப் பிடிக்கும் விதம் தப்பு, ஆனால் தூள் சிந்தவில்லை.

"இடப்பக்கம் இருந்து புரட்டு" என்றேன்.

"உங்களுக்கு வலப்பக்கம், எனக்கு இடப்பக்கமுங்க. தூளுக்குப் பக்கம் தெரியாது."

எதிர்க் கடைக்காரர் சிரித்தார். அவருக்கென்ன சிரிப்பு.

சாயங்காலம் வரை நாற்காலியை விட்டு எழவில்லை. ஒண்ணுக்குப் போனாலும் திரும்பி வரும்போது அவள் உட்கார்ந்திருப்பாளோ என்று இருக்கிறது. கை கனத்தால் முழங்கையை மேஜையில் வைத்துக்கொள்கிறேன். சுகமாக இருக்கிறது.

நவம்பர் 12, செவ்வாய்

எக்ஸ்ரே.

டாக்டரம்மா பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்தார். எனக்கே தெரிந்தது. தீபாவளிக்கு முன் நேராக நின்ற எலும்பு இப்போது வில் மாதிரி வெளிப்பக்கம் வளைந்திருக்கிறது.

"பிரேஸ் உள்ள ஸ்வெட்டரா?"

"மலைக் குளிருங்கம்மா."

"மெல்லிசு பனியனுக்கு மேல போடுங்க. ஸ்வெட்டர் வெளியில. உள்ள போட்டா பிரேஸ் பிடிக்காது, நழுவும்." அப்புறம் என் ஸ்வெட்டர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். முழங்கையில் மட்டும் வட்டமாக ஒரு பழுப்புக் கறை. விரலால் தேய்த்தார், மோந்து பார்த்தார். "டீத்தூள்."

ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"ஊனிட்டு உக்காந்திருக்கீங்க. கீழருந்து மேல தள்ளுது, எலும்பு வளையுது. தொங்கவிடுங்கன்னு சொன்னேன்ல?"

சரசு பக்கத்தில் நின்றாள். வீடு வரும்வரை எனக்கு முன்னால் நடந்தாள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

நிலைமை இது: இன்னும் ஒரு வாரம் பார்ப்பார். மேலும் வளையாமல் நின்றால் பிரேஸே தொடரும், கொஞ்சம் கோணலாக ஒட்டும், வேலைக்குக் குறை வராது. வளைந்தால், இல்லை நானே வேண்டுமென்றால், கோயமுத்தூர் போய் பிளேட். பிளேட் என்றால் கையைச் சீக்கிரம் ஆட்டலாம், ஆனால் திறக்கிற வேலை, சர்க்கரை, புண், நரம்பு, எல்லாம் யோசிக்க வேண்டும். பிரேஸ் என்றால் ஒரே நிபந்தனை: நாற்காலி, மேஜை பக்கம் போகக் கூடாது. நிற்கலாம், நடக்கலாம். ஊன்றக் கூடாது.

அதாவது கல்லா கூடாது.

பிளேட்டே போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். சகலையிடம் சொன்னால் இந்த வெள்ளிக்கே இடம் வாங்கித் தருவான். பொங்கலுக்குள் துடுப்பு என் கையில்.

நவம்பர் 13, புதன்

சகலைக்குப் போன் செய்தேன். சந்தோஷத்தில் குதிப்பான் என்று எதிர்பார்த்தேன். கதவைச் சாத்தும் சத்தம்தான் கேட்டது.

"சகல, ஒண்ணு சொல்றேன். ஊட்ல யாருக்கும் தெரியாது. ஆபரேஷன் முடிஞ்சு கண்ணத் தொறந்தப்ப மணிக்கட்டு விழுந்து கெடந்துது. தூக்க முடியல. நரம்பு அதிர்ந்திருக்கு, தானா வரும்னாங்க. வந்துது, மாசக் கணக்காச்சு. இன்னும் முழுசா வரல. டம்ளரப் பிடிச்சா நடுங்குது. அதான் பைக்குள்ளயே வச்சிருக்கறது."

"தீபாவளிக்கு அவ்வளவு பேசினீங்களே?"

"பின்ன, மாமா முன்னால அழச் சொல்றீங்களா?"

எல்லாருக்கும் அப்படி ஆகாது, டாக்டர் மேலும் தப்பில்லை, நல்லா யோசித்து முடிவு செய்யுங்கள் என்றான். வைக்கும்போது, "உங்களுக்காவது தொங்கவிட்டா ஒட்டுதேன்னு எனக்கு அன்னைக்கு வயித்தெரிச்சல் சகல" என்றான்.

நம்புகிறேன். ஆனால் பாருங்கள், அதிலும் அவனுக்குத்தான் பெரிய கதை. எனக்கு வெறும் ஸ்வெட்டர் கறை.

என் கையை விளக்கடியில் நீட்டிப் பார்த்தேன். மணிக்கட்டு தூக்குகிறது. கட்டை விரல் நீள்கிறது.

நவம்பர் 14, வியாழன்

வீட்டில் இருக்கிறேன். நடக்கிறேன், ஹாலுக்கும் அடுப்படிக்கும்.

பரணில் என் பழைய கலவை ஒரு டின் இருந்தது, விழுவதற்கு முன் வாரம் கலந்தது. அதில் ஒரு டம்ளர், சரசு கலவையில் ஒரு டம்ளர். பால் இல்லை, சர்க்கரை இல்லை. ஒரே தண்ணீர், ஒரே நேரம். இடது கையால் கரண்டி. ஏலத்துக்கு ருசி பார்க்கிற மாதிரி உறிஞ்சிப் பார்த்தேன்.

அவளுடையது நன்றாக இருக்கிறது. கலர் பிரகாசம். என்னுடையதில் அடியில் ஒரு மந்தம், ஈரத் துணி வாடை மாதிரி. பழசு என்பதாலா? டின் இறுக மூடித்தான் இருந்தது. பழசின் வாடை எனக்குத் தெரியும், இது அது இல்லை. ஈரம்.

அதே ஃபாக்டரிகள், அதே விகிதம். நடந்துகொண்டே யோசித்தேன். சாயங்காலத்துக்குள் பிடித்துவிட்டேன்.

நான் கலக்குவது விடியற்காலை, கடை திறக்கும் முன். மூட்டை தூக்கிய காலத்துப் பழக்கம், எதையும் சூரியனுக்கு முன் முடித்துவிட வேண்டும். அந்நேரம் மார்க்கெட் சந்து முழுக்கப் பனி. படுதாவில் தூளை விரித்தால் அது மூச்சு வாங்குகிற மாதிரி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அவள் கலக்குவது மத்தியானம், வீட்டு வேலை முடித்து. நம் சந்தில் வெயில் எட்டிப் பார்ப்பதே அப்போதுதான். சும்மா நேரம் அமைந்துவிட்டது. வேறு திறமை ஒன்றும் இல்லை.

அவளுக்கு இது தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். ரொம்ப நாளுக்கப்புறம் நன்றாகச் சாப்பிட்டேன்.

நவம்பர் 16, சனி

இன்றைக்குச் செய்ததை எழுதத்தான் வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

காலையில் சரசு தோசை ஊற்றும்போது சொன்னேன். "மத்தியானம் போய்க் கலக்கறது உனக்குச் சிரமம். விடிஞ்சதும் போய்க் கலந்துட்டு வந்துரு. நான் எப்பவும் அப்பத்தான் செய்வேன்."

வெகு சாதாரணமாகச் சொன்னேன். ஏலத்தில் எனக்கு வேண்டிய சரக்கைப் பார்க்காத மாதிரி பார்க்கிறேனே, அப்படி.

தோசையைத் திருப்பினாள். "பனி ஏறுமுங்க."

"என்னது?"

"தூள்ல பனி ஏறும். உப்பு ஜாடி காலைல கசியறதப் பாக்கறதில்லீங்களா? வர்க்கி பிஸ்கட் பொட்டலத்தப் பனில பிரிச்சா மத்தியானத்துக்குள்ள நமுத்துப் போகுது. தூளு மட்டும் நமுக்காதா? அதுக்குத்தான் வெயில் வரட்டும்னு இருக்கறது."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கட்டிட்டு வந்த வருசமே. சொன்னனே."

"எப்பச் சொன்ன?"

"சொன்னனுங்க. ‘நீ ஊட்டப் பாரு'ன்னீங்க." தட்டில் தோசையைப் போட்டாள். "சட்னி போதுமுங்களா?"

போதும் என்றேன்.

பகல் முழுக்க அவள் மேல் கோபம். மத்தியானத்துக்கு மேல் யார் மேல் என்று தெரியவில்லை.

நவம்பர் 18, திங்கள்

கணக்குப் பார்த்தேன். பிளேட் வைத்தால் சீக்கிரம் கடைக்குத் திரும்பலாம். சரி. திரும்பிப் போய் என்ன செய்யப் போகிறேன்? விடியற்காலையில் எழுந்து பனியில் தூளைப் புரட்டப் போகிறேனா? அவளைப் பார்த்து மத்தியானம் கலக்கப் போகிறேனா? இரண்டும் வாயில் வைக்க முடியாதது.

எலும்புக்காக ஆபரேஷன் என்றால் வேறு. நாற்காலிக்காக ஆபரேஷன் என்றால் மாமனார்கூட முட்டை கொண்டுவர மாட்டார்.

நவம்பர் 19, செவ்வாய்

எக்ஸ்ரே. மேலும் வளையவில்லை. டாக்டரம்மா கோணம் அளந்தார். "இது ஏத்துக்கலாம். முடிவு உங்களுது."

சரசுவைப் பார்த்தேன். அவள் சுவரில் எலும்புக்கூடு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதவமாட்டாள்.

"தொங்கவிடறேனுங்கம்மா" என்றேன்.

சகலைக்குச் செய்தி அனுப்பினேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று திரும்பி வந்தது. மணிக்கட்டு முழுசாக நிமிராதவன் அனுப்புவதற்கு அது கொஞ்சம் கொடுமையான படம். ஒருவேளை சிரிக்கத்தான் அனுப்பினானோ.

நவம்பர் 25, திங்கள்

கடைக்குப் போகிறேன், நிற்க. சரசு கல்லாவில். நான் வாசல் தூணோரம், கை தொங்க, போலீஸ்காரன் மாதிரி. போகிறவன் வருகிறவன் எல்லாம் "என்னண்ணா, வெளிய நிறுத்திட்டாங்களா?" என்கிறான். ஆமாம் என்கிறேன். உண்மை சொன்னால் நம்ப மாட்டார்கள், அது ஒரு வசதி.

அவள் சில்லறை கொடுப்பதில் தாராளம். கண்டிக்க வேண்டும். வாய் நன்றாகத்தானே இருக்கிறது.

வயிற்றெரிச்சல் போய்விட்டதா என்றால், இல்லை. இருக்கிறது. நின்றுகொண்டே இருக்கிறது, என்னைப் போல.

டிசம்பர் 3, செவ்வாய்

எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றிப் புகை மாதிரி வெள்ளை. கெட்டுவிட்டதோ என்று பயந்துவிட்டேன்.

"அதுதான் புது எலும்பு. பிடிக்க ஆரம்பிச்சிருச்சு" என்றார் டாக்டரம்மா. பார்த்தால் நம் சந்தில் காலையில் இறங்கும் பனிதான். தூளுக்கு ஆகாதது எலும்புக்கு ஆகிறது. இன்னும் சில வாரம் பிரேஸ். கோணல் கொஞ்சம் இருக்கும், சட்டைக்குள் தெரியாது.

"மணிக்கட்டத் தூக்குங்க." தூக்கினேன்.

படத்தைப் போனில் எடுத்து மாமனாருக்கு அனுப்பச் சரசுவிடம் சொன்னேன். தகடு இல்லாமல் ஒட்டிய எலும்பு, பார்க்கட்டும். "அடேங்கப்பா" என்று பதில் வருகிறதா என்று பத்து தடவை பார்த்தாயிற்று. வரவில்லை.

அங்கிருந்து சரசு வீட்டுக்குப் போனாள், உலை வைக்க. நான் கடை திறந்து வாசலில் நின்றேன். எதிர்க் கடை தெரியாத அளவுக்குப் பனி. கோத்தகிரிப் பக்கம் புதிதாக டீக்கடை போடுகிறாராம் ஒருவர், விசாரித்துக்கொண்டு வந்தார். மப்ளர், கையில் குடை.

"ஏனுங்க, இங்க தூள் கலக்கறவங்க பெரிய கைன்னு சொன்னாங்க. இருக்காங்களா?"

நான்தான் என்பது நாக்கு நுனிவரை வந்தது. கல்லா நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

"வெயில் ஏறட்டுங்க, வருவாங்க" என்றேன். பெஞ்சைக் காட்டினேன். அவர் உட்கார்ந்தார். நான் உட்காரவில்லை.